தீர்மானம் விழுந்ததும் மீன் ஓடியது

முதலில் நான் நம்பிய மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்து முதுகுக்குப் பின்னால் சிரிப்பதைவிட அது மரியாதை. வீடியோ கேம் ஆடுகிறவர்கள் இசை கேட்க வருகிறார்கள் என்று நான் நம்பினேன். போனைக் கையில் எடுப்பார்கள், என் இசை ஆரம்பிக்கும், மெய்மறந்து கண்ணை மூடிக்கொள்வார்கள். கண்ணை மூடிக்கொண்டால் எப்படி ஆடுவார்கள் என்ற கேள்வி எனக்கு வரவே இல்லை. வந்திருந்தால் இந்தத் தொழிலுக்கே வந்திருக்க மாட்டேன்.

இப்போது கேம் ஸ்டுடியோவில், இசை அமைக்கிற என் பழைய நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். புதிதாக வந்தவர்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். பயன்படாது. உங்கள் டெமோக்களைக் கேட்டேன். எல்லாவற்றிலும் ஐரோப்பாவிலிருந்து இறக்கிய வயலின் கூட்டம், அதற்குப் பின்னால் கோரஸ், அதற்கும் பின்னால் இடி. தக்காளி வெட்டுகிற கேம் ஒன்றுக்கு உலகம் அழிகிற மாதிரி இசை போட்டிருக்கிறீர்கள். தக்காளிக்கு இவ்வளவு தேவையா? கீழே கமெண்டில் ஒருவர் ‘கூஸ்பம்ப்ஸ்’ என்று எழுதியிருக்கிறார். உங்கள் அத்தை மகனாக இருக்கும்.

கோபித்துக்கொள்ள வேண்டாம். நானும் அதே மாதிரி வந்தவன்தான். என் இடி உங்கள் இடியைவிடப் பெரியது.

கேமுக்கு வருவதற்கு முன் நான் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தேன். பாகூர், வில்லியனூர், சுத்துக்கேணி என்று எங்கே திருவிழா, எங்கே கல்யாணம் என்றாலும் போவோம். மேடையில் நான் கற்றுக்கொண்டது ஒரே விஷயம்: எப்படி ஆரம்பித்தாலும் சரி, முடிவு பலமாக இருக்க வேண்டும். நடுவில் பாட்டு நொண்டியிருக்கலாம், பாடகர் அடுத்த பாட்டின் சரணத்தை இந்தப் பாட்டில் பாடியிருக்கலாம். கடைசியில் தவில்காரர் தீர்மானம் வைத்தால் எல்லாம் மன்னிக்கப்பட்டுவிடும். தீர்மானம் என்றால், ஒரே சொற்கட்டை மூன்று தடவை அடித்து, மூன்றாவது தடவை ‘தொம்’ என்று தரையில் கல்லைப் போட்ட மாதிரி இறக்குவது. அது விழுந்தால் விசில் வரும். விசிலுக்காக நான் எதையும் செய்வேன்.

பிறகு குழுவில் என் இடத்தில் ஒரு பென்டிரைவ் வந்து உட்கார்ந்தது. அது சோறு கேட்காது, வேனில் ஜன்னல் சீட் கேட்காது. நான் கம்ப்யூட்டரில் இசை அமைக்கக் கற்றுக்கொண்டு, திருவாண்டார்கோயிலில் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் ஒரு வீட்டு மாடியில் இருந்த கேம் ஸ்டுடியோவில் சேர்ந்தேன். நாலைந்து கம்ப்யூட்டர், ஒரு ஏசி, ஷிஃப்ட் மாறும்போது கீழே பஸ்களின் ஹாரன். இதற்கு ஸ்டுடியோ என்று பெயர்.

ஸ்டுடியோவை நடத்தியவரை எல்லோரும் அக்கா என்று கூப்பிட்டார்கள். என்னைவிட வயதில் சின்னவர், இருந்தாலும் நானும் அக்கா என்றேன். அவர் என்னை மாஸ்டர் என்பார். அதில் எவ்வளவு மரியாதை, எவ்வளவு கேலி என்று கடைசி வரை எனக்குப் பிடிபடவில்லை. பெயர் போட்டு எழுதினால் திட்டுவார், அதனால் அக்கா என்றே இருக்கட்டும்.

அப்போது செய்துகொண்டிருந்தது மீன்பிடிக் கேம். கடலில் படகு, படகில் வலை. திரையில் விரலை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தால் வலை மேலே வரும். விரலை எடுத்தால் கயிறு தளர்ந்து மீன் போய்விடும். அவ்வளவுதான் ஆட்டம். இதற்கு முன் செய்த கேமை யாரும் வாங்கவில்லை. இதையும் வாங்காவிட்டால் மாடியைக் காலி செய்துவிட வேண்டியதுதான் என்று அக்கா எல்லோரையும் உட்கார வைத்து ஒரு தடவை சொன்னார். மறுபடி சொல்லவில்லை. எனக்கு அது தினமும் காலையில் பல் தேய்க்கும்போது கேட்டது. காலி செய்தால் நான் போக வேண்டிய இடத்தில்தான் பென்டிரைவ் உட்கார்ந்திருக்கிறதே.

பயத்தில் நல்ல இசை வரும் என்று சொல்வார்கள். பயத்தில் சத்தமான இசை வரும், அவ்வளவுதான். நான் தவில் வைத்தேன், நாகஸ்வரம் வைத்தேன், அலைக்கு வயலின் வைத்தேன். மாசி மகத்துக்குச் சாமி கடலுக்கு வருகிற மாதிரி ஒரு ஆர்ப்பாட்டம். முடிவில் ஒரு முழுத் தீர்மானம். உடனே மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். போட்டுக் காட்டினேன். ஆபீசில் கை தட்டினார்கள். கேமை வாங்குவதாக இருந்த பெங்களூர்க் கம்பெனிக்காரருக்கு மெயிலில் போனது. ‘எபிக்’ என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. அந்த ஒரு வார்த்தையை என் மனைவி, மச்சான், மாவு மில்லுக்காரர் எல்லோருக்கும் காட்டினேன்.

அக்கா மட்டும் கேட்டார்: “மாஸ்டர், இது எவ்ளோ நேரம் ஓடும்?”

“ரெண்டு நிமிஷம். அப்புறம் திரும்ப மொதல்ல இருந்து.”

“வலை மேல வர எவ்ளோ நேரம் ஆகும்?”

“அது மீனப் பொறுத்தது. சின்னதுன்னா சட்டுனு வரும். பெருசுன்னா இழுக்கும்.”

“அப்ப உங்க பாட்டு எப்ப முடியும்னு மீனுக்குச் சொல்லி வெச்சிருக்கீங்களா?”

நான் சிரித்தேன். ரசனை இல்லாதவர்கள் நிர்வாகத்துக்குப் போய்விடுகிறார்கள், பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

பெங்களூர்க்காரர் நேரில் வருவதாகச் சொன்னார். ஆபீசில் பார்க்க வேண்டாம், இந்தப் பக்கத்து ஜனங்கள் ஆடுவதைப் பார்க்க வேண்டும், அவர்களுக்குத்தானே கேம் என்றார். நியாயமான பேச்சு. அதனால் பூரணாங்குப்பத்தில் ஒரு சமுதாயக் கூடத்தைப் பேசி வைத்தோம். அவர் சாப்பாட்டுக்குப் பிறகு வருவார். நாங்கள் காலையிலேயே போய் நாலு பேரை ஆட வைத்துப் பார்த்துவிடலாம் என்று ஏற்பாடு. நான் கீபோர்டையும் ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு போனேன். எதற்கு? அவர் வாசலில் நுழையும்போது அந்த இசையை நேரில் வாசித்து வரவேற்க. இதையும் சிரித்து முடித்துவிடுங்கள், அப்புறம் நேரம் இருக்காது.

காலை வியாபாரம் முடித்துக் கூடைகளைக் கழுவி வைத்துவிட்டுப் பெண்கள் வந்தார்கள். முதலில் போனை வாங்கியவர் அஞ்சலை, மீன் விற்கிறவர். பக்கத்தில் அவருடைய நாத்தனார் செல்வி. இருவர் கையிலும் ஆளுக்கொரு போன். நான் எதிரில் நாற்காலி போட்டு, அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். இசை ஆரம்பித்தது. இருவர் தலையும் ஆடியது. செல்வியின் கால் தாளம் போட்டது. எனக்கு உள்ளுக்குள் விசில் கேட்டது.

“யே, போச்சு,” என்றார் அஞ்சலை. “புடிச்ச மீனு ஓடிப்போச்சுபா. இன்னா போனு இது?”

“என்துலயும் ஓடிடுச்சு,” என்றார் செல்வி.

மறுபடி ஆடினார்கள். மறுபடி ஓடியது. சின்ன மீன் வந்தது, பெரிய மீன் ஒன்றுகூட வரவில்லை. வேறு ஆட்களிடம் கொடுத்தோம். அவர்களுக்கும் அதே கதி. கோட் எழுதுகிற முருகவேல், சுத்துக்கேணிக்காரர், மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வியர்த்துக் கொட்டினார். “இவங்க விரல எடுத்துட்டாங்கன்னு போன் சொல்லுதுண்ணா.”

“நாங்க எங்கபா எடுத்தோம்? அமுத்திக்கிட்டேதான கீறோம்?” என்றார் அஞ்சலை.

நான் முருகவேலை விட்டேனா? “ஊர்ல இருக்கற விரலு எல்லாம் பொய் சொல்லுது, உன் கோடு ஒண்ணுதான் உத்தமம், இல்ல? உங்க கரும்புக் கொல்லைல தண்ணி பாய்ச்சப் போயிருந்தா நாடு இன்னும் நல்லா இருந்திருக்கும்.” எல்லோரும் சிரித்தார்கள். அவர் லேப்டாப்பைக் குடைந்துகொண்டே இருந்தார்.

அக்கா என் பின்னால் வந்து நின்றார். “மாஸ்டர், காலைல இருந்து மூஞ்சியவே பாத்துட்டு இருக்கீங்க. கையப் பாருங்க.”

பார்த்தேன். அஞ்சலையின் கட்டைவிரல் கண்ணாடியில் அழுந்தியிருந்தது, நகம் வெளுத்துப்போகிற அளவுக்கு. என் இசை முடிவுக்கு வந்தது. ததிகிணதொம் ஒன்று. ததிகிணதொம் இரண்டு. ததிகிண‘தொம்’. கட்டைவிரல் மேலே எழுந்தது. செல்வியின் விரலும் எழுந்தது. ஆடாமல் சும்மா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கூட மூச்சை விட்டுவிட்டு முதுகைச் சொறிந்துகொண்டார்.

உங்களுக்குப் புரிகிறதா? சாமி தூக்கி நிற்கிறவர்கள் தீர்மானம் விழுந்தால்தான் தோளை ஆற்றிக்கொள்வார்கள். கூட்டம் தீர்மானம் விழுந்தால்தான் அசையும், பேசும், பொரி வாங்கப் போகும். இந்தப் பக்கத்தில் பிறந்த உடம்பு ஒவ்வொன்றுக்கும் அது தெரியும். மேளம் முடிந்தது, விடலாம். மனதைக் கேட்காமல் கை விட்டுவிடும். விட்டது அவர்களுக்கே தெரியாது. நான் போட்டதோ ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் ‘விடலாம்’. விடவே கூடாத ஆட்டத்தில்.

இந்த இடத்தில் ஒரு அனுபவசாலி நிதானமாக யோசித்து ஒரு முடிவுக்கு வருவார் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். நான் கூடத்தின் பின்னால் இருந்த கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். அங்கே எனக்கு வந்த யோசனைகள்: கரண்ட் போய்விட்டதாகச் சொல்லலாம். எனக்கு மயக்கம் வரலாம். ஸ்பீக்கர் கடலில் விழலாம், ஆனால் கடல் அங்கிருந்து கொஞ்ச தூரம். பெங்களூர்க்காரரின் கார் வழி தவறிக் கடலூருக்குப் போய்விடலாம். ஒவ்வொன்றையும் உண்மையாகவே எடைபோட்டுப் பார்த்தேன். வெளியே யாரோ கதவைத் தட்டி, “யோவ், எவ்ளோ நேரம்யா,” என்று கேட்ட பிறகுதான் வெளியே வந்தேன்.

அக்காவிடம் சொன்னேன். முருகவேலிடமும் சொன்னேன், அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. தீர்மானத்தை வெட்டிவிட்டு மறுபடி கேமை ஏற்றலாமா என்று கேட்டேன். காலையிலிருந்து கோடில் இல்லாத பிழையைத் தேடி அவர் கேமையே பிரித்துப் போட்டிருந்தார். மறுபடி சேர்த்துப் போனில் ஏற்றுவதற்குள் பொழுது போய்விடும் என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலில் கார் வந்து நின்றது.

பெங்களூர்க்காரர் இளைஞர், நல்ல சட்டை. நேராக என்னிடம் வந்து கை கொடுத்தார். “சார், உங்க ட்ராக் வேற லெவல். செம எபிக்.” வேறொரு நாளாக இருந்தால் அந்தக் கையை ஒரு வாரம் கழுவியிருக்க மாட்டேன்.

முதலில் அவரே ஆடினார். தீர்மானம் விழுந்தது. அவர் விரல் அசையவில்லை. வஞ்சிரம் வந்தது. மறுபடி தீர்மானம். சுறா வந்தது. அவர் வளர்ந்த அடுக்குமாடியில் சாமி லிஃப்டில் வருமோ என்னவோ. “ஸ்மூத்தா இருக்கே,” என்றார். எனக்கு ஒரு கணம் சொர்க்கம் தெரிந்தது. ஒருவேளை தப்பித்துவிட்டோமோ?

பிறகு அஞ்சலையிடம் கொடுத்தார். சொர்க்கம் மூடிக்கொண்டது. மீன் ஓடியது. மறுபடியும் ஓடியது.

“டிஃபிகல்ட்டா இருக்கோ?” என்று அவர் அக்காவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். “இவங்களுக்குக் கன்ட்ரோல் புரியலபோல.”

அஞ்சலைக்குக் காது நன்றாகக் கேட்கும். “எனக்கா புரியல? வலை இழுக்கற வூட்டுல பொறந்து வலை இழுக்கற வூட்டுல வாக்கப்பட்டவ நான். ஒரு தபா சொன்னா புரியாதா? உங்க மேளந்தான் பாதியில முடிஞ்சிடுது. இன்னும் வலையே வரல, அதுக்குள்ள முடிச்சிட்டு இன்னா அவசரமா எங்க போறாரு மேளக்காரரு?”

செல்வி சொன்னார்: “பந்திக்குப் போறாருடி.”

பெங்களூர்க்காரர் கொஞ்சம் யோசித்தார். என்னைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்து, “அப்ப மியூசிக்கே இல்லாம விட்டுடலாமா?” என்றார்.

முருகவேல் அதற்குள் செட்டிங்ஸில் போய் இசையை அணைத்துவிட்டார். அவ்வளவு வேகமாக அவர் வேறெதையும் செய்து நான் பார்த்ததில்லை. போனில் அலைச் சத்தம் மட்டும் இருந்தது. அஞ்சலை ஆடினார். வலை பாதி வரை வந்தது. கொட்டாவி விட்டார். “இன்னாபா இது, எழவு வூடு மாதிரி கீது,” என்று போனைச் செல்வியின் மடியில் வைத்துவிட்டார்.

இசை இருந்தால் மீன் ஓடுகிறது. இல்லாவிட்டால் ஆடுகிறவர் ஓடுகிறார். பெங்களூர்க்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது நான் செய்ததை வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். என் இரண்டு கைகளும் வேலையில்லாமல் தொங்கின. அப்படியே விட்டால் குற்றவாளி மாதிரி இருக்கும். எங்கேயாவது வைக்க வேண்டும். பெண்கள் கூட்டத்துக்குப் பின்னால் கீபோர்டு இருந்தது. போய் உட்கார்ந்து அதன்மேல் வைத்தேன். தவில் ஒலியில் ஒரு சின்ன நடை வந்தது, சாமி தெருவில் நடக்கும்போது வாசிப்பார்களே, அந்த மாதிரி. பெரிதாக ஒன்றும் இல்லை. அஞ்சலை திரும்பிப் பார்க்கவில்லை. செல்வியின் மடியிலிருந்து போனை எடுத்து விரலை வைத்தார்.

இந்தத் தடவை நான் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு தோள்களுக்கு நடுவில் அந்தக் கட்டைவிரல் மட்டும் தெரிந்தது. அதையே பார்த்து வாசித்தேன். மாட்டியது பெரிய மீன். வலை வருவேனா என்றது. நடையைக் கொஞ்சம் இறுக்கினேன். விரல் இறுகியது. மேடைப் பழக்கம் என்னைப் பிடித்து உலுக்கியது: போதும், முடி, தீர்மானம் வை, விசில் வாங்கு. என் வலது கை இரண்டு தடவை ததிகிணதொம்மின் வாசல்வரை போய்த் திரும்பி வந்தது. நான் சொல்ல வந்த பாடம் ஏதாவது இருந்தால் அது இங்கேதான் இருக்கிறது. கட்டுவதற்கு உங்களுக்கு ஆயிரம் வழி தெரியும், எனக்குத் தெரியும், உங்கள் டெமோவைக் கேட்டேனே. முடிவு உங்கள் கையில் இல்லை. வேறொருவர் வலையை இழுத்துக்கொண்டிருக்கிறார். அவர் முடிக்கும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டும். மேடையில் இருபது வருஷம் இருந்தவனுக்கு அது பல் பிடுங்குகிற மாதிரி.

“தூக்கு, தூக்குடி,” என்று செல்வி அஞ்சலையின் முதுகைத் தட்டினார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் குனிந்துவிட்டார்கள். எனக்கு விரல் மறைந்தது. எழுந்து நின்றுகொண்டு வாசித்தேன். வலை படகில் விழுந்தது. அப்போது வைத்தேன் தீர்மானத்தை. மூன்றாவது ‘தொம்’மில் அஞ்சலையின் விரல் மேலே எழுந்தது. எழ வேண்டிய இடத்தில்.

கூடத்தில் சத்தம் கிளம்பியது. எனக்கு இல்லை, மீனுக்கு.

“இன்னொரு தபா,” என்று அஞ்சலை மறுபடி விரலை வைத்தார். செல்வி தனக்கு வேண்டும் என்று போனைப் பிடுங்கப் பார்த்தார். பெங்களூர்க்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் முருகவேலின் தோளைத் தட்டினார். “பிரமாதம். பிளேயரை ஃபாலோ பண்ணுதே மியூசிக். இந்த சிஸ்டத்த முன்னாடியே ஏன் காட்டல? எந்த இன்ஜின்ல பண்ணீங்க?”

முருகவேல் அக்காவைப் பார்த்தார். ஏதாவது ஒரு மென்பொருளின் பெயரைச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. நான் கீபோர்டுக்குப் பின்னால் மறுபடி உட்கார்ந்து குனிந்துகொண்டேன், வசதியாக இருக்கட்டும் என்று.

அக்கா, “இன்ஜின் அங்க உக்காந்திருக்கு சார்,” என்று என்னைக் கை காட்டினார்.

கூட்டம் விலகியது. நான் தோள் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கையை உயர்த்தி வணக்கம் வைத்தேன். வேறென்ன செய்வது?

அவர் என்னையும் ஸ்பீக்கரையும் மாறி மாறிப் பார்த்தார். “இவர் எல்லார் போன்லயும் வந்து உக்காருவாரா?”

“வேணாம்பா,” என்றார் அஞ்சலை, போனிலிருந்து தலையைத் தூக்காமல். “இந்த ஆளு உள்ள வந்தா பேட்டரி தாங்காது.”

அக்கா சிரிக்கவில்லை. “அவர் கை செஞ்சத கோட்ல செய்ய முடியும். எங்களுக்கு டைம் வேணும்.”

பெங்களூர்க்காரர் டைம் கொடுத்தார். முருகவேல் என்னைத் திட்டிக்கொண்டே அதைக் கட்டினார். நான் என் ‘எபிக்’கைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தேன். வயலின் போனது, நாகஸ்வரம் போனது. ஒரு நடையும், அதை இறுக்கவும் தளர்த்தவும் சில அடிகளும், வலை படகில் விழுந்த பிறகு மட்டும் கேட்கிற தீர்மானமும் மிஞ்சின. கம்பெனி கேமை வாங்கியது. மாடியைக் காலி செய்யவில்லை.

கேம் வெளிவந்து கொஞ்ச நாள் கழித்து, ஜனங்கள் அதை எப்படி ஆடுகிறார்கள் என்று பெங்களூரிலிருந்து தகவல் வந்தது. பஸ்ஸில் ஆடுகிறார்கள், ஆஸ்பத்திரி வரிசையில் ஆடுகிறார்கள், வேலைக்கு நடுவில் ஆடுகிறார்கள். பெரும்பாலானவர்கள் சத்தத்தை அணைத்துவிட்டு ஆடுகிறார்கள். மீன் நன்றாகவே மாட்டுகிறது.